சிஸ்டம் அட்மின் வேலை பழக எந்த இயங்குதளம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கொஞ்சம் தொட்டுப் பார்த்திருக்கிறேன், இனி சர்வர் நிர்வாகத்தை ஒழுங்காகக் கற்க வேண்டும், ஆனால் நூற்றுக்கணக்கான லினக்ஸ் வழங்கல்களில் (டிஸ்ட்ரோக்களில்) எதை எடுப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக எழுதியது இது. எல்லாவற்றையும் நடுநிலையாக வரிசைப்படுத்தப் போவதில்லை. நான் எதைச் சொல்வேன், ஏன் சொல்வேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை நிறுவட்டும்?

டெபியன். டெஸ்க்டாப் இல்லாமல், வெறும் கட்டளை வரியோடு.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. நீங்கள் பின்பற்றப் போகும் பாடமோ உங்களுக்குச் சொல்லித் தருபவரோ உபுண்டுவை வைத்துத்தான் நடத்துகிறார் என்றால் உபுண்டு சர்வரின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பை எடுங்கள். போகவிருக்கும் வேலையில் ரெட் ஹாட் (நிறுவனங்களுக்கான லினக்ஸ்) ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ். இந்த மூன்றில் எது எடுத்தாலும் தவறில்லை. மாதம் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தவறு, ஏனென்றால் அப்போது நீங்கள் கற்பது நிறுவும் வேலையை மட்டும்தான். ஒரு சர்வரை ஆறு மாதம் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று தெரியவே தெரியாது.

டெபியனில் அப்படி என்ன இருக்கிறது?

முதல் காரணம், அது அசையாது. 1993 முதல் இருக்கும் திட்டம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய நிலையான பதிப்பு வருகிறது, 2025 ஆகஸ்ட்டில் 13ஆம் பதிப்பு வந்தது. ஒரு பதிப்பு வெளியான பிறகு அதில் இருக்கும் மென்பொருள்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரிய பிழைத் திருத்தங்களும் வருமே தவிர, புதுப் புது வசதிகள் நடுவில் வந்து நுழையாது. நீட்டித்த ஆதரவையும் சேர்த்தால் ஒரு பதிப்பு ஐந்து ஆண்டு தாங்கும். படிப்பவருக்கு இதில் என்ன லாபம் என்றால், முதல் மாதம் நீங்கள் எழுதி வைத்த குறிப்பு பத்தாவது மாதமும் அப்படியே வேலை செய்யும். ஏதாவது உடைந்தால் அது நீங்கள் செய்த காரியத்தால்தான் உடைந்திருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இந்த நம்பிக்கை பெரிய விஷயம்.

இரண்டாவது, குறைந்தபட்ச நிறுவலில் புரோசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், மிகக் குறைவு. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சொந்த இழைகளைத் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பதை ஒரு மாலையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து "இது எதற்கு இருக்கிறது" என்று புரிந்துகொண்டுவிடலாம். தன் கணினியில் ஓடுவது அத்தனைக்கும் காரணம் சொல்லத் தெரிவது ஒரு சிஸ்டம் அட்மினின் அடிப்படைப் பழக்கம். கையளவு இருக்கும்போதே அதைப் பழகிவிட வேண்டும்.

அப்புறம், உபுண்டு, காலி லினக்ஸ், ராஸ்ப்பெரி பை ஓஎஸ், ப்ராக்ஸ்மாக்ஸ் எல்லாமே டெபியன் மீது கட்டப்பட்டவை. இங்கே கற்றது அங்கேயும் செல்லும்.

நிறுவும்போது எல்லோரும் இடறும் ஒரு இடத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிறுவும் நிரல் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) கடவுச்சொல் கேட்கும்போது அதை நிரப்பாமல் விட்டு நகருங்கள். அப்படி விட்டால்தான் உங்கள் சாதாரணப் பயனருக்கு சூடோ அனுமதி, அதாவது ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் அனுமதி, தானாகக் கிடைக்கும். கடவுச்சொல் கொடுத்துவிட்டால் சூடோவை நீங்களே தனியாக அமைக்க வேண்டும். அது கஷ்டமான வேலை இல்லைதான், ஆனால் முதல் நாளே சூடோ வேலை செய்யவில்லை என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் எளிது என்றாலே உபுண்டு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

எளிதுதான், மறுக்கவில்லை. 2004இல் தொடங்கியதிலிருந்து அதற்கென்று எழுதப்பட்ட வழிகாட்டிகள் ஏராளம், கிளவுட் சேவைகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது, பிழைச் செய்தியைத் தேடினால் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் பதிப்புக்கு ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் உண்டு. நடுவில் ஆறு மாதத்துக்கு ஒன்றாக வருபவை ஒன்பது மாதம்தான் தாங்கும், சர்வருக்கு அவை வேண்டாம்.

என் தயக்கம் என்னவென்றால், அடிப்படைக்கு மேலே சில அடுக்குகள் கூடுதலாக உட்கார்ந்திருக்கின்றன. நெட்வொர்க்கை நெட்பிளான் என்ற அடுக்கு வழியாக அமைக்க வேண்டும், மென்பொருள் சில ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாகவும் சில ஸ்னாப் என்ற இன்னொன்றின் வழியாகவும் வரும், முதல் பூட்டில் கிளவுட்-இனிட் என்ற தொடக்க அமைப்புக் கருவி சில கோப்புகளைத் தானே எழுதி வைத்திருக்கும். அனுபவம் வந்த பிறகு இவை வசதிதான். புதியவருக்கோ "நான் மாற்றிய கோப்பு ஏன் மறுபடி பழையபடி ஆகிவிட்டது" என்ற குழப்பம் வரும். உபுண்டு எடுத்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது நெட்பிளானின் ட்ரை கட்டளையைப் பயன்படுத்துங்கள். நீங்கள் 120 வினாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

சென்ட்ஓஎஸ் என்று பழைய பாடங்களில் இருக்கிறதே, அதைப் போடலாமா?

வேண்டாம். அந்தப் பாடங்கள் சொல்லும் சென்ட்ஓஎஸ் இப்போது இல்லை. ரெட் ஹாட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸின் இலவச மறுகட்டமைப்பாக அது பல ஆண்டுகள் இருந்தது. 2029 வரை வரும் என்று எதிர்பார்த்த 8ஆம் பதிப்பை 2021 முடிவோடு நிறுத்தப்போவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 7ஆம் பதிப்பும் 2024 ஜூனோடு முடிந்தது. இன்று சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்று இருப்பது வேறு, ரெட் ஹாட்டின் அடுத்த சிறு பதிப்பில் வரப்போவதை முன்னதாகக் காட்டும் ஒன்று அது.

அந்த இடத்தை நிரப்ப 2021இல் வந்தவைதான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். இரண்டும் இலவசம், ஒரு பதிப்புக்குப் பத்து ஆண்டு ஆதரவு. ரெட் ஹாட்டையே போட்டுப் பார்க்க ஆசை என்றால், தனிநபர் டெவலப்பர் கணக்கில் 16 கணினி வரை கட்டணம் இல்லாமல் நிறுவ அனுமதிக்கிறார்கள்.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெட் ஹாட் 10ஆம் பதிப்பு எக்ஸ்86-64-வி3 என்ற அளவையாவது எட்டும் பிராசசரைக் கேட்கிறது, சுமாராக 2013க்கு முந்தைய இன்டெல் கணினிகளில் அது பூட் ஆகாது. அல்மாலினக்ஸ் மட்டும் பழைய பிராசசருக்கென்று வி2 பதிப்பைத் தனியாகக் கட்டித் தருகிறது.

இந்த ரெட் ஹாட் குடும்பத்தில் புதியவரைத் திணறடிப்பது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. கோப்பு அனுமதி எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் வெப் சர்வர் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்று சொல்லும். தேடினால் வரும் முதல் பதில் பெரும்பாலும் "அதை அணைத்துவிடு" என்பதாக இருக்கும். தயவுசெய்து அணைக்காதீர்கள். கோப்பை வீட்டு அடைவிலிருந்து நகர்த்தி வந்ததால் எஸ்இலினக்ஸ் அதன்மேல் வைத்த பழைய முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும், ரெஸ்டோர்கான் கட்டளை போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு சேவை தாக்குதலில் விழுந்தாலும் மிச்ச கணினியைத் தொட முடியாமல் கட்டிப் போடுவது அந்த எஸ்இலினக்ஸ்தான். அதைப் புரிந்துகொள்ளச் செலவழிக்கும் ஒரு வாரம் வீணாகாது.

ஃபெடோரா, ஆர்ச், மின்ட், காலி?

ஃபெடோரா நல்ல டெஸ்க்டாப். ஒரு பதிப்பு சுமார் 13 மாதம்தான் வரும், அதனால் பயிற்சி சர்வருக்கு ஓயாமல் மேம்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மின்ட்டும் டெஸ்க்டாப்புக்குத்தான், அன்றாடக் கணினியில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ச் நிறுவுவது நல்ல பயிற்சி, அதன் விக்கியை நான் டெபியனில் வேலை செய்யும்போதுகூடத் திறக்கிறேன், அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் தினமும் மாறிக்கொண்டிருக்கும் அமைப்பில், உடைத்தது நானா புதுப்பிப்பா என்று தொடக்கத்தில் பிரித்தறிய முடியாது.

காலி ஊடுருவல் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி. அதில் சர்வர் நிர்வாகம் கற்க முயல வேண்டாம்.

பிஎஸ்டி பற்றி ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்ல வேண்டும். பிஎஸ்டி என்பது லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு குடும்பம். அதில் ஒன்றான ஃப்ரீபிஎஸ்டியின் கையேடு, கணினி நிர்வாகம் பற்றி நான் படித்தவற்றில் மிகச் சிறந்த ஆவணங்களில் ஒன்று. அங்கே கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவால் ஒரே தொகுப்பாக வளர்க்கப்படுகின்றன, அதனால் கட்டளையும் அதன் ஆவணமும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். கண்டெய்னர் (ஒரு நிரலை மற்றவற்றிலிருந்து பிரித்து ஓட்டும் முறை) என்ற பேச்சு பரவலாகும் முன்பே, 2000இல், ஜெயில் என்ற பெயரில் அதே யோசனை அங்கே வந்துவிட்டது. இசட்எஃப்எஸ் கோப்பமைப்பும் அங்கே சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. ஆனால் வேலைச் சந்தை லினக்ஸில்தான் இருக்கிறது, ஆகவே இரண்டாம் ஆண்டில் போடுங்கள்.

இதற்காகப் புதுக் கணினி வாங்க வேண்டுமா?

இல்லை. இருக்கும் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள், கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டலாம். லினக்ஸ் என்றால் அதற்குக் கேவிஎம் இருக்கிறது. டெஸ்க்டாப் இல்லாத டெபியனுக்கு 1 ஜிபி நினைவகமும் 20 ஜிபி வட்டும் தாராளம். 8 ஜிபி உள்ள கணினியில் இப்படி இரண்டு மூன்று சர்வர்களை ஒரே நேரத்தில் ஓட விடலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேச வைக்கலாம். விர்ச்சுவல் மெஷினின் பெரிய வரம் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையை அப்படியே சேமிப்பது. எதையாவது உடைக்கும் முன் ஒன்று எடுத்துக்கொண்டால் நிமிடத்தில் திரும்பிவிடலாம்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதுமா என்று கேட்பார்கள். கட்டளைகள் பழகப் போதும். பூட் ஆவது, வட்டைப் பிரிப்பது, நெட்வொர்க் அமைப்பது, அதாவது சர்வர் படுத்துவிட்டால் உங்களைக் காப்பாற்றும் விஷயங்கள், அதில் கிடைக்காது.

பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதுவும் அருமையான சர்வர். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் என்பது மட்டும்தான் தொல்லை. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்புக் கோப்பில் மூடி மூடும் நிகழ்வைப் புறக்கணிக்கச் சொன்னால் தீர்ந்தது.

டெஸ்க்டாப் இல்லாமல் கருப்புத் திரையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

அந்தத் திரை முன் நீங்கள் உட்காரப் போவது நிறுவும் அன்று மட்டும்தான். அதற்குப் பிறகு உங்கள் வழக்கமான கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக உள்ளே போவீர்கள், உலாவியும் குறிப்பேடும் பக்கத்திலேயே திறந்திருக்கும். கோப்பைத் திருத்தும் எழுதியாக (எடிட்டர்) நானோ என்பது போதும். ஆனாலும் விஐ என்ற இன்னொரு எழுதியில் திறப்பது, திருத்துவது, சேமித்து வெளியேறுவது, சேமிக்காமல் வெளியேறுவது இந்த நான்கை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு நாள் வேறு எழுதியே இல்லாத மீட்புச் சூழலில் போய் நிற்பீர்கள்.

மேன் பக்கங்களை, அதாவது கணினியிலேயே இருக்கும் கையேட்டை, படிக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். 5ஆம் பிரிவு அமைப்புக் கோப்புகளின் வடிவத்தைச் சொல்லும், 8ஆம் பிரிவு நிர்வாகிக்கான கட்டளைகளைச் சொல்லும். பலருக்கு இந்தப் பிரிவுகள் இருப்பதே தெரியாது. தெரிந்த பிறகு தேடும் நேரம் பாதியாகிவிடும்.

நிறுவியாச்சு. இனி என்ன செய்வது?

எல்லோரும் நிற்கும் இடம் இதுதான். சர்வருக்கு ஒரு வேலை கொடுங்கள். நீங்களே தினமும் உண்மையாகப் பயன்படுத்தும் ஒரு வேலையாக இருக்கட்டும்: உங்கள் குறிப்புகளைக் காட்டும் ஒரு சின்ன இணையதளம், வீட்டில் இருப்பவர்கள் படங்களைச் சேமிக்கும் கோப்புச் சர்வர், இப்படி எதுவானாலும் சரி. யாரோ ஒருவர் "அது ஏன் திறக்கவில்லை" என்று கேட்கும் நிலை வந்தால்தான் உங்களுக்கும் பதற்றம் வரும், பதற்றத்தில் நிதானமாகப் பதிவுகளைப் படிக்கப் பழகுவதுதான் இந்த வேலையே.

அதைக் கட்டும் வழியில் பயனர்கள், அனுமதிகள், எஸ்எஸ்ஹெச் சாவி, ஃபயர்வால், தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, சிஸ்டம்சிடிஎல்லால் சேவையை ஏற்றி இறக்குவது, ஜர்னல்சிடிஎல்லால் பதிவு பார்ப்பது எல்லாம் தானாக வந்துவிடும். காப்புப் பிரதி மட்டும் தானாக வராது, அதை வலிந்து செய்ய வேண்டும். பிரதி எடுத்தால் மட்டும் போதாது, புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு அதில் அந்தப் பிரதியை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பி உட்கார முடியாது.

பிறகு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு வேண்டுமென்றே உடையுங்கள். நான் எல்லோருக்கும் கொடுக்கும் நான்கு உடைப்புகள் இருக்கின்றன. வட்டை முழுக்க நிரப்பி, எந்தச் சேவை முதலில் விழுகிறது என்று பாருங்கள். ஒரு சேவை எழுதிக்கொண்டிருக்கும் பெரிய பதிவுக் கோப்பை அழித்துப் பாருங்கள்: டியூ கட்டளை இடம் காலியாகிவிட்டது என்று சொல்லும், டிஎஃப் கட்டளை இன்னும் நிறைந்தே இருக்கிறது என்று சொல்லும், ஏனென்றால் அந்தச் சேவை கோப்பைத் திறந்தே வைத்திருக்கும்வரை கெர்னல் இடத்தை விடாது, மூடும்போது அல்லது சேவையை மறுதொடக்கம் செய்யும்போதுதான் விடும். மூன்றாவது, இந்தப் பயிற்சிக்காக ரூட்டுக்கு ஒரு கடவுச்சொல் வைத்துவிட்டு, பூட்டின்போது ஏற்ற வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் இல்லாத வட்டு ஒன்றைக் குறிப்பிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள், அவசர நிலைத் திரையில் போய் நிற்கும், அங்கிருந்து திருத்தி வெளியே வாருங்கள். கடைசியாக அந்த ரூட் கடவுச்சொல்லை மறந்ததாக வைத்துக்கொண்டு, பூட் ஆகும்போது வரும் கிரப் திரையில் கெர்னல் வரியைத் திருத்தி நேராக பேஷ் என்ற கட்டளை வரிக்குள் பூட் செய்து புதுக் கடவுச்சொல் வையுங்கள். அது எவ்வளவு சுலபம் என்று பார்த்த பிறகு, சர்வர் அறைக்கு ஏன் பூட்டு போடுகிறார்கள், வட்டை ஏன் குறியாக்கம் செய்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

தொலைவில் இருக்கும் சர்வரில் என்னை நானே வெளியே பூட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

எனக்கு நடந்திருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில், வரும் இணைப்பு எல்லாவற்றையும் மறு என்று ஃபயர்வாலை இயக்கினேன், எஸ்எஸ்ஹெச் போர்ட்டை அனுமதிக்கும் விதியை அதற்கு அடுத்த கட்டளையாக வைத்திருந்தேன். அந்த அடுத்த கட்டளை போகவே இல்லை. அவசரக் கன்சோல் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்ய ஒரு மாலை முழுவதும் ஆனது, அதுவரை அதில் ஓடிய தளம் கீழேதான் கிடந்தது.

அன்றிலிருந்து மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். அனுமதி விதி முதலில், இயக்கம் பிறகு. எஸ்எஸ்ஹெச் அமைப்பை மாற்றினால், சேவையை மறுதொடக்கம் செய்யும் முன் சர்வர் பக்க நிரலான எஸ்எஸ்ஹெச்டியின் சோதனைத் தெரிவை ஓட்டிப் பிழை இல்லை என்று பார்ப்பது. மறுதொடக்கம் செய்த பிறகும் இருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்ப்பது. முடிந்தால்தான் பழையதை மூடுவேன்.

வீட்டு சர்வரை இணையத்துக்குத் திறந்துவிடலாமா?

ஆரம்பத்தில் வேண்டாம். எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட்டைத் திறந்த வேகத்தில் தானியங்கிகள் கடவுச்சொல் ஊகிக்கத் தொடங்கிவிடும், பதிவில் வரிசையாகப் பார்க்கலாம். சாவி வழி நுழைவை அமைத்து, கடவுச்சொல் நுழைவை அணைத்து, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக வருகின்றன என்று உறுதி செய்த பிறகு யோசிக்கலாம்.

டாக்கரும் குபர்நெட்டிஸும்தானே இப்போது கேட்கிறார்கள், நேராக அங்கே போகக் கூடாதா?

அவை இரண்டும் கண்டெய்னர்களை ஓட்டும் கருவிகள். கண்டெய்னர் என்பது நேம்ஸ்பேஸ், சிகுரூப் என்ற கெர்னல் வசதிகளால் பிரித்து வைக்கப்பட்ட சாதாரண புரோசஸ்தான். புரோசஸ், பயனர் எண், கோப்பு அனுமதி, போர்ட் இவை புரியாமல் அங்கே போனால், உடையும்போது எந்த அடுக்கில் தேடுவது என்றே தெரியாது. ஒரு உதாரணம்: யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில் ஒரு போர்ட்டை மூடி வைத்திருப்பீர்கள், டாக்கர் அதே போர்ட்டை வெளியிட்டால் தன் சொந்த விதிகளை முன்னால் செருகி அதைத் திறந்துவிடும். ஃபயர்வாலின் நிலையைக் கேட்டால் மூடியிருப்பதாகவே காட்டும். பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தவர்தான் இதைக் கண்டுபிடிப்பார். நான்கைந்து மாதம் கழித்துப் போங்கள், வேகமாகப் பிடித்துக்கொள்வீர்கள்.

இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டினால் தப்பா?

ஒட்டும் முன் அதன் ஒவ்வொரு தெரிவுக்கும் பொருள் பாருங்கள், அது போதும். இணையத்திலிருந்து ஸ்கிரிப்ட்டை இறக்கி நேராக சூடோவுடன் ஓட்டச் சொல்லும் வரிகளை முதலில் கோப்பாக இறக்கிப் படியுங்கள். வட்டின் மேல் நேராக எழுதும் டிடி கட்டளையில் இலக்கு வட்டின் பெயரை இரண்டு முறை பாருங்கள். அப்புறம், அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில் ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்ற பதிப்பு வரலாற்றுக் கருவியில் பதிந்து வைக்கும் இடிசிகீப்பர் என்ற சின்னக் கருவி இருக்கிறது, முதல் வாரமே போட்டுவிடுங்கள். "நேற்று எதை மாற்றினேன்" என்ற கேள்விக்கு நினைவை நம்ப வேண்டியதில்லை.

எப்போது அடுத்த இயங்குதளத்துக்குப் போகலாம்?

நாள் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. உங்கள் சர்வரை முழுவதும் அழித்துவிட்டு, உங்கள் குறிப்புகளையும் காப்புப் பிரதியையும் மட்டும் வைத்து ஒரே மாலையில் மறுபடி கட்ட முடிகிறதா? முடிந்தால் தயார்.

அப்போது அல்மாவோ ராக்கியோ போட்டு அதே சேவைகளை அதில் கட்டுங்கள். ஆப்ட் இருந்த இடத்தில் டிஎன்எஃப், ஆப்ஆர்மர் இடத்தில் எஸ்இலினக்ஸ், யுஎஃப்டபிள்யூ இடத்தில் ஃபயர்வால்டி. சூடோ அனுமதிக்கு இங்கே சூடோ குழு, அங்கே வீல் குழு. அப்பாச்சிகூட இங்கே அப்பாச்சி2 என்ற பெயரில் இருக்கும், அங்கே ஹெச்டிடிபிடி என்று இருக்கும். மிச்சமெல்லாம், சிஸ்டம்டி, எஸ்எஸ்ஹெச், அனுமதிகள், பதிவுகள், நீங்கள் ஏற்கெனவே அறிந்தவைதான். முதல் சர்வருக்கு மூன்று மாதம் ஆனவர்கள் இதை இரண்டு வாரத்தில் முடித்ததைப் பார்த்திருக்கிறேன். ரெட் ஹாட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ என்ற நிர்வாகிச் சான்றிதழ் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இந்தக் கட்டத்தில் பதிவு செய்யுங்கள். அதில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் கிடையாது, ஓடும் கணினியைக் கொடுத்து இதைச் செய், அதைச் சரிசெய் என்பார்கள். மறுதொடக்கம் செய்த பிறகும் நீங்கள் அமைத்தது நிலைத்து நிற்க வேண்டும் என்பதால், பயிற்சியின்போதே ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஒரு முறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிடுங்கள்.